டாலர் வாங்கி வைத்தால் பணம் பெருகுமா? கோடியக்கரைப் பக்கமிருந்து ஒரு கணக்கு

பிளேஸ்மென்ட் முடிந்த நாளிலிருந்து ஹாஸ்டலில் ஒரே பேச்சு: "ரூபாய் எப்பப் பாத்தாலும் இறங்கிட்டேதான் இருக்கு மச்சான். முதல் சம்பளத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா டாலரா வாங்கி வெச்சிட்டா, பத்து வருஷத்துல செட்டில்." கேட்க லாஜிக்கலாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம், அதாவது வேதாரண்யம், கோடியக்கரை வட்டாரத்தில், இதே பேச்சு வேறு மாதிரி வரும். அங்கே டாலர் கிடையாது, "வெள்ளி". சிங்கப்பூர் போனவர் வெள்ளி அனுப்பினார், நிலம் வாங்கினார், மாடி கட்டினார். அதனால் வெள்ளியை மாற்றாமல் வைத்திருப்பதே சேமிப்பு என்று நம்புகிறவர்கள் உண்டு.

இரண்டு நம்பிக்கைக்கும் பின்னால் ஒரே கேள்விதான். வேற்று நாட்டு கரன்சியை நீண்ட காலம் வைத்திருப்பது முதலீடா? அடுத்த வருஷம் கையில் சம்பளம் வரப்போகிற நமக்கு இது பரீட்சைக் கேள்வி இல்லை, சொந்தக் காசு. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு கணக்கு போதும், பயப்படாதீங்க.

1. ஒரே ரூபாய், இரண்டு கரை

கோடியக்கரையில் நின்றால் எதிரே பாக் நீரிணை. சுமார் 50 கிலோமீட்டர் தாண்டினால் யாழ்ப்பாணக் கரை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலும் விட்டார்கள். இப்போது அந்தக் கரையில் இறங்குகிறவர் நம் 100 ரூபாயை மாற்றினால் முன்னூறுக்கு மேல் இலங்கை ரூபாய் கையில் வரும். "இலங்கைக் காசு மதிப்பில்லாத காசு" என்ற நினைப்பு நமக்கு வந்ததே இதனால்தான்.

ஆனால் இது எப்போதுமே இப்படி இருந்ததில்லை. இலங்கை மத்திய வங்கி தொடங்கியது 1950-ல். அதற்கு முன் அங்கே இருந்தது நாணய வாரிய முறை. அங்கத்திய ரூபாய், இந்திய ரூபாயோடு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டப்பட்டிருந்தது. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது இரண்டு ரூபாயும் சேர்ந்தே இறங்கின. ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசு, இரண்டு நாட்டிலும்.

(இடையில் ஒரு தகவல். "1947-ல ஒரு ரூபாய் ஒரு டாலருக்குச் சமம்" என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறதே, அது தப்பு. அப்போது பவுண்டு கணக்கில் பார்த்தாலே ஒரு டாலர் மூன்று ரூபாய்க்கு மேல்.)

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. 1950-ல் ஒருவர் 100 இலங்கை ரூபாயை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டார் என்று வையுங்கள். அந்தக் காலத்தில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கடுமை, சும்மா வாங்கி வைத்துவிட முடியாது. கணக்குக்காக மட்டும்தான் இது. அதிகாரப்பூர்வ மதிப்பில் அதன் இந்திய விலை இப்படிப் போகும்:

• 1950: 100 ரூபாய்.
• 1966 ஜூன் 6: இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலர் 4.76-லிருந்து 7.50 ஆனது. இலங்கை அசையவில்லை. ஒரே நாளில் நம்மவரின் 100, சுமார் 157 ஆனது.
• 1967 நவம்பர்: இலங்கையும் 20% குறைத்தது, டாலருக்கு 5.95. கையிருப்பு சுமார் 126.
• 2024: ஒரு டாலர் சுமார் 302 இலங்கை ரூபாய், சுமார் 83.70 இந்திய ரூபாய். கையிருப்பு சுமார் 28.

1966 ஜூலையில் இந்த ஆளிடம் யோசனை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "இலங்கைக் காசுதான் கெட்டி, இந்திய ரூபாயை நம்பாதே" என்பார். அன்றைய நிலவரப்படி அவர் சொன்னது சரியும்கூட. இன்று நாம் சொல்வது அப்படியே தலைகீழ். கடந்த பத்து வருடச் சார்ட்டை மட்டும் பார்த்து அடுத்த இருபது வருடத்துக்கு முடிவெடுப்பதில் இருக்கிற சிக்கல் இதுதான்.

இதே கதை கடலுக்கு அந்தப்பக்கமும் நடந்திருக்கிறது. 1973 மே மாதம் வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின. 2024-ல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்குச் சுமார் 3.4 மலேசிய ரிங்கிட். ஒரே மாதிரி தொடங்கிய இரண்டு அண்டை நாடுகள், ஐம்பது வருடத்தில் இவ்வளவு தூரம். 1973-ல் எது ஜெயிக்கும் என்று யார் கண்டது?

2. நம் மண்ணுக்கு இது புதுசு இல்லை

தஞ்சை வட்டாரத்தில் பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் சீனச் செப்புக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. 1077-ல் சீனாவுக்குப் போன சோழத் தூதுக்குழுவுக்குப் பதில் பரிசாக 81,800 சரம் செப்புக் காசு கொடுத்ததாகச் சீன வரலாற்றுக் குறிப்பே இருக்கிறது. அந்தக் காசு இங்கே செல்லுபடியாக வேண்டும் என்ற அவசியம் கிடையாது. உருக்கினால் செம்பு.

ரோமானிய வெள்ளிக் காசு இன்னும் சுவாரசியம். தென்னிந்தியப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகளே மிக அதிகம். கி.பி. 64 வாக்கில் நீரோ வெள்ளிக் காசில் வெள்ளியின் அளவைக் குறைத்தான். அதன்பின் அந்தக் காசுக்கு இங்கே வரவேற்பு குறைந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் விளக்கம். கொங்கு நாட்டு வணிகருக்கு ரோம் அரசியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, உரசிப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இன்றைய நோட்டை உரசிப் பார்க்க முடியாது. அதில் உலோகம் கிடையாது, ஓர் அரசின் வாக்கு மட்டும்தான். அதனால் அந்த வாக்கை எப்படி உரசிப் பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மீதி.

3. "ரூபாய் இறங்கிட்டே இருக்கு": உண்மை, ஆனால் பாதி உண்மை

2000-லிருந்து 2024 வரை 24 வருடம். ஆண்டுச் சராசரி விலையை வைத்துப் பார்ப்போம். எல்லாம் தோராயம்:

• அமெரிக்க டாலர்: 45 ரூபாயிலிருந்து 83.70. அதாவது 1.86 மடங்கு. ஆண்டுக்கு 2.6%.
• சிங்கப்பூர் வெள்ளி: 26-லிருந்து 62.60. 2.4 மடங்கு. ஆண்டுக்கு 3.7%.
• யூரோ: 41.50-லிருந்து 90.60. 2.2 மடங்கு. ஆண்டுக்கு 3.3%.
• பவுண்டு: 68-லிருந்து 107. 1.6 மடங்கு. ஆண்டுக்கு 1.9%.
• 100 ஜப்பான் யென்: 41.70-லிருந்து 55.30. 1.3 மடங்கு. ஆண்டுக்கு 1.2%.

ஆண்டு விகிதம் கண்டுபிடிப்பது எளிது. கடைசி விலையை முதல் விலையால் வகுத்து, அதற்கு 1/24 அடுக்கு எடுத்து, 1-ஐக் கழியுங்கள். கால்குலேட்டரில் பத்து செகண்ட் வேலை.

இப்போது ஒப்பிடுங்க. 2000-ல் 10,000 ரூபாய்க்கு டாலர் நோட்டு வாங்கிப் பீரோவில் வைத்தவரிடம் 2024-ல் 18,600 ரூபாய். அதே 10,000-ஐ ஆண்டுக்குச் சராசரி 6% கூட்டு வட்டியில் பேங்கில் போட்டவரிடம் சுமார் 40,500. இந்த 24 வருடத்தில் இந்தியாவில் விலைவாசியும் கிட்டத்தட்ட அதே 6% வேகத்தில்தான் ஏறியிருக்கிறது. ஆக, 2000-ல் 10,000 ரூபாய்க்கு வாங்கிய மளிகைக்கு 2024-ல் 40,000 வேண்டும். எஃப்.டி.க்காரர் சமாளித்துவிட்டார். டாலர்க்காரரால் பாதி மளிகைகூட வாங்க முடியாது.

ரூபாய் இறங்கியது நிஜம். டாலர் வைத்திருந்தவர் தோற்றதும் நிஜம். இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்கும்?

4. வட்டி என்ற மறுபக்கம்

ஒரு சின்ன உதாரணம். ஒரு டாலர் 84 ரூபாய். அமெரிக்காவில் வட்டி 3%, இந்தியாவில் 7% என்று வைத்துக்கொள்வோம்.

100 டாலரை அங்கே போட்டால் ஒரு வருடத்தில் 103 டாலர். அதே மதிப்புள்ள 8,400 ரூபாயை இங்கே போட்டால் 8,988 ரூபாய். இரண்டும் சமமாக வேண்டுமானால் டாலர் 8,988 ÷ 103 = 87.26 ஆக வேண்டும். அதாவது ரூபாய் ஒரே வருடத்தில் 3 ரூபாய் 26 காசு இறங்கினாலும் டாலர்க்காரருக்கு லாபம் பூஜ்யம். அதற்கு மேல் இறங்கினால்தான் லாபமே ஆரம்பிக்கும். குறைவாக இறங்கினால் நஷ்டம்.

எந்த நாட்டில் விலைவாசி வேகமாக ஏறுகிறதோ அங்கே பொதுவாக வட்டியும் அதிகம், கரன்சியும் மெதுவாக இறங்கும். இறக்கத்துக்கு ஈடாகத்தான் அந்த வட்டி. "ரூபாய் இறங்குது" என்பதை மட்டும் பார்த்து வட்டியை மறந்துவிடுவது, பேட்டரியின் வோல்டேஜைப் பார்த்துவிட்டுக் கரன்டை மறந்த மாதிரி.

இன்னொன்று. இந்த இறக்கம் நேர்கோட்டில் வராது. 2002-ல் டாலர் 48 ரூபாய்க்கு மேல் இருந்தது. 2008 ஜனவரியில் சுமார் 39. ஆறு வருடம் காத்திருந்தவருக்கு முதலிலேயே ஐந்தில் ஒரு பங்கு போச்சு. 1993 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் டாலர் 31.37-லேயே நின்றது. யென் கதை இன்னும் மோசம். 2012-ல் 100 யென் சுமார் 67 ரூபாய். "ஜப்பான் பணக்கார நாடு, யென் ஸ்ட்ராங்" என்று அப்போது வாங்கியிருந்தால் 2024-ல் கையில் 55. நாடு நல்லா இருக்கிறது என்பதும் அதன் கரன்சி நமக்கு லாபம் தரும் என்பதும் வேறு வேறு.

5. எதிர்க் கரையில் 2022: எப்படி உரசிப் பார்ப்பது

ஒரு கரன்சியை ஆராய என்னென்ன பார்க்க வேண்டும்? இலங்கையை வைத்தே பார்க்கலாம். நமக்குப் பக்கத்திலேயே, நம் கண்முன்னாடியே நடந்த சம்பவம்.

(அ) கையிருப்பு. நாட்டிடம் எவ்வளவு அந்நியச் செலாவணி இருக்கிறது, அது எத்தனை மாத இறக்குமதிக்கு வரும்? மூன்று மாதத்துக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும் என்பது பழைய அளவுகோல். இலங்கையிடம் 2019 முடிவில் சுமார் 760 கோடி டாலர் இருந்தது. 2021 முடிவில் சுமார் 310 கோடி. அதிலும் ஒரு பெரிய பங்கு சீனாவோடு செய்துகொண்ட பரிமாற்ற ஒப்பந்தப் பணம், நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாது. 2022 மே மாதம் பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று அந்நாட்டு நிதியமைச்சரே சொன்னார்.

(ஆ) வரவு வழி. டாலர் எங்கிருந்து வருகிறது? இலங்கைக்குச் சுற்றுலா, தேயிலை, ஆடை ஏற்றுமதி, வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் அடுத்து கொரோனாவும் சுற்றுலாவைப் படுக்க வைத்தன. 2021-ல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டதில் விளைச்சல் விழுந்தது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு போகத்துக்கு யூரியா இல்லை என்றால் வயல் என்ன ஆகும் என்று வீட்டில் கேளுங்க.

(இ) கட்டி வைத்த விலை. இதுதான் நான் படித்ததிலேயே முக்கியமான பாடம். 2021 செப்டம்பருக்குப் பின் டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய் என்று அரசு பிடித்து வைத்திருந்தது. வெளியே உண்டியல் ஆட்கள் அதைவிட அதிகம் கொடுத்தார்கள். (நாம் ஹவாலா என்பதை அங்கே உண்டியல் என்பார்கள்.) பிறகு யார் பேங்க் வழியாக அனுப்புவார்கள்? 2020-ல் சுமார் 710 கோடி டாலராக இருந்த வரவு 2021-ல் சுமார் 550 கோடி, 2022-ல் சுமார் 380 கோடி. விலையைக் காப்பாற்றப் போட்ட கட்டே டாலர் வரவை விரட்டிவிட்டது.

(ஈ) வெளிக்கடன். டாலரில் வாங்கிய கடனை ரூபாய் அச்சடித்து அடைக்க முடியாது. 2022 ஏப்ரல் 12-ல் வெளிக்கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது.

(உ) விலைவாசி. 2022 செப்டம்பரில் கொழும்பில் ஆண்டுப் பணவீக்கம் 70%-ஐத் தொட்டது.

2022 மார்ச் தொடக்கத்தில் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். மே மாதத்துக்குள் டாலர் 200-லிருந்து சுமார் 360 இலங்கை ரூபாய். இந்தியக் கணக்கில், ஒரு லட்சம் இலங்கை ரூபாய் மார்ச் தொடக்கத்தில் சுமார் 38,000. மே மாதம் சுமார் 21,500. இரண்டு மாதத்தில்! அந்த மார்ச்சில்தான் மன்னார்ப் பக்கமிருந்து குடும்பங்கள் படகேறி இராமேசுவரம் கரைக்கு வந்து இறங்கின. எக்ஸ்சேஞ்ச் ரேட் என்பது திரையில் ஓடுகிற நம்பர் மட்டும் இல்லை, மக்களே. அது வீட்டில் உலை வைக்க முடியுமா என்கிற விஷயம்.

அதன்பின் ஐ.எம்.எஃப். 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. வட்டியை ஏற்றினார்கள், வரியை ஏற்றினார்கள். டாலர் மறுபடி 300 பக்கம் இறங்கியது. அதாவது எல்லோரும் பயந்து ஓடிய நேரத்தில் 30% வட்டிக்கு இலங்கை அரசுப் பத்திரம் வாங்கியவர் நல்ல லாபம் பார்த்திருப்பார். ஆனால் அதை 2022-லேயே உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. கடன் மறுசீரமைப்பில் அந்தப் பத்திரமே அடிபட்டிருக்கலாம். நடந்து முடிந்ததைப் பார்த்துச் சொல்வது ஆராய்ச்சி ஆகாது.

நாமும் பெருமை பேச முடியாது. 1991-ல் நம் கையிருப்பு சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான நிலை. 47 டன் தங்கத்தை அடகு வைத்தோம். ஜூலை 1, 3 ஆகிய இரண்டு நாளில் டாலர் சுமார் 21-லிருந்து 26 ஆனது. மேலே சொன்ன லிஸ்ட்டை அன்றைய இந்தியாவுக்குப் போட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் சிவப்பு லைட்தான் எரியும்.

6. கயிறு எங்கே கட்டியிருக்கிறது?

"ஒரே கரன்சியில வேண்டாம், டாலர், திர்ஹாம், ரியால்னு பிரிச்சு வைப்போம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அமீரகத் திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. சவூதி ரியால் 1986 முதல் 3.75. ஓமான் ரியாலும் டாலரோடுதான். ஆக மூன்றையும் வைத்திருப்பது ஒரே டாலரை மூன்று பையில் வைத்திருப்பது.

சிங்கப்பூர் வேறு மாதிரி. அங்கே மத்திய வங்கி, வட்டியைவிட வெள்ளியின் மதிப்பை வைத்தே பொருளாதாரத்தை நடத்துகிறது. வர்த்தகக் கூட்டாளி நாடுகளின் கரன்சிகளைக் கலந்த ஒரு கூடைக்கு எதிராக அதை மெதுவாக நகர்த்துகிறார்கள். 1980-களின் தொடக்கத்திலிருந்தே இதுதான் முறை. நம் ஊரில் "வெள்ளி இறங்காது" என்று வந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருப்பது அதிர்ஷ்டம் அல்ல, இந்தக் கொள்கை. கொள்கை மாறினால் நம்பிக்கையும் மாற வேண்டியதுதான்.

குவைத் தினார் கதையையும் சொல்ல வேண்டும். 1961-ல் அது வரும்வரை குவைத்தில் ஓடியது நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்காகவே அச்சிட்ட ரூபாய். அப்போது ஒரு தினார் 13 ரூபாய் 33 காசு. 2024-ல் சுமார் 272. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் 63 வருடத்துக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 4.9%தான். இன்னொரு பக்கம், 1990-ல் ஈராக் படையெடுத்து நோட்டுகளை அள்ளிக்கொண்டு போனதால், குவைத் அரசு அந்த வரிசை நோட்டுகளை 1991-ல் செல்லாது என்று அறிவித்துப் புது நோட்டு போட்டது. பீரோவில் இருக்கும் நோட்டு ஓர் அரசின் வாக்கு என்று சொன்னேனே, அது இதுதான். 2016 நவம்பரில் நாம் 500, 1000-ஐச் செல்லாது என்றபோது நேபாளத்திலும் பூட்டானிலும் நம் நோட்டை வைத்திருந்தவர்கள் திண்டாடினார்களே, அவர்களுக்கு நம் ரூபாயும் ஓர் அந்நியக் கரன்சிதான்.

7. சட்டம் என்ன சொல்கிறது?

• வெளிநாடு போய் வந்த இந்தியக் குடியிருப்பாளர் 2,000 டாலர் அல்லது அதற்குச் சமமான நோட்டுகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளதைத் திரும்பி வந்த 180 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் மாற்றிவிட வேண்டும்.
• தாராளப் பண அனுப்புத் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை படிப்பு, பயணம், முதலீடு ஆகியவற்றுக்காக வெளியே அனுப்பலாம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். பிறகு ரிட்டர்னில் ஈடுகட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும்.
• அதே திட்டத்தின் பெயரில் வெளிநாட்டு ஃபாரெக்ஸ் மார்ஜின் வியாபாரத்துக்குப் பணம் அனுப்ப அனுமதி கிடையாது.
• வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் அண்ணன், அக்காக்களுக்கு எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் உண்டு. டாலர் போன்ற கரன்சியிலேயே 1 முதல் 5 வருடம் வரை இந்திய வங்கியில் போடலாம். கரன்சி ஏற்ற இறக்க ரிஸ்க் அவர்கள் தலையில் விழாது. என்.ஆர்.இ. கணக்கு என்றால் ரூபாயில், வட்டி அதிகம், ஆனால் ரிஸ்க் அவர்களுடையது. மேலே போட்ட 87.26 கணக்கை இங்கேதான் போட்டுப் பார்க்க வேண்டும்.

கமிஷனையும் மறக்காதீங்க. மாற்றுகிற இடத்தில் டாலரை 86-க்கு விற்று 82-க்கு வாங்கினால், வாங்கிய நிமிடமே 4.7% காலி. மேலே பார்த்தோமே, டாலரின் ஆண்டு ஏற்றமே 2.6%.

8. அந்த ஆப் விஷயம்

"நூறு டாலர் போடு, ஐந்நூறு மடங்கு லீவரேஜ், வாரம் 10%" என்று டெலிகிராமில் லிங்க் வராத ஆள் நம் கேம்பஸில் இருக்கிறாரா? இது நீண்ட கால முதலீடும் இல்லை, கரன்சி ஆராய்ச்சியும் இல்லை. ஐந்நூறு மடங்கு லீவரேஜ் என்றால் விலை 0.2% எதிர்ப்பக்கம் அசைந்தாலே முழுப் பணமும் போய்விடும். 84 ரூபாயில் 0.2% என்பது 17 காசு. டாலர் ஒரு நாளில் 17 காசு அசைவது சர்வசாதாரணம்.

அங்கீகாரம் இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்து வெளியிட்டு வருகிறது. பட்டியலில் பெயர் இல்லாததால் மட்டும் ஒரு தளம் அங்கீகாரம் பெற்றதாகிவிடாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அங்கே பணம் போட்டால் போட்டவர் மீதே அந்நியச் செலாவணிச் சட்டம் பாயலாம். இந்தியாவில் முறையான கரன்சி ஃப்யூச்சர்ஸ் 2008 ஆகஸ்டிலிருந்து பங்குச் சந்தையில் நடக்கிறது. அதிலும், உண்மையிலேயே டாலர் வரவோ செலவோ உள்ளவர்கள் ரிஸ்க்கைக் குறைத்துக்கொள்ளத்தான் அது என்று ரிசர்வ் வங்கி 2024-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

"ஈராக் தினார் மலிவா கிடைக்குது, ஒரு நாள் குவைத் தினார் மாதிரி ஆகும்" என்பதும் இதே ரகம். ஜிம்பாப்வே 100 டிரில்லியன் டாலர் நோட்டு அடித்தது 2009-ல். 2015-ல் அந்த நாடு பழைய கரன்சியைத் திரும்பப் பெற்றபோது வங்கிக் கணக்கில் இருந்த 35 ஆயிரம் டிரில்லியனுக்கு ஓர் அமெரிக்க டாலர் கொடுத்தார்கள். நோட்டில் பூஜ்யம் நிறைய இருப்பதால் அது மலிவு ஆகிவிடாது.

9. அப்போ யாருக்குத்தான் வேற்று நாட்டு கரன்சி?

இவ்வளவு படித்தபின் எனக்குப் பட்டது இது. "எந்தக் கரன்சி ஏறும்?" என்று கேட்பதைவிட, "நாளைக்கு என் செலவு எந்தக் கரன்சியில் வரப்போகிறது?" என்று கேட்பது நல்லது. மூன்று பேரைப் பார்ப்போம்.

முதல் ஆள், இரண்டு வருடத்தில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிறவர். 40,000 டாலர் ஃபீஸ். டாலர் 84 என்றால் 33.6 லட்சம், 90 என்றால் 36 லட்சம். 2.4 லட்சம் வித்தியாசம். இவர் பணத்தில் ஒரு பங்கை முறையான வழியில் டாலர் சொத்தாக வைத்திருந்தால் அது லாபத்துக்காக இல்லை. ரூபாய் இறங்கினால் ஃபீஸ் கட்ட முடியாமல் போய்விடக்கூடாது என்பதற்காக.

இரண்டாவது ஆள், சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு வேதாரண்யத்தில் வீடு கட்டுகிறவர். செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி எல்லாம் ரூபாயில். "வெள்ளி இன்னும் ஏறட்டும்" என்று இரண்டு வருடம் காத்திருந்தால் வெள்ளி 3.7% ஏறும் வேகத்தில் கட்டுமானச் செலவும் ஏறிக்கொண்டிருக்கும். இவர் வேலைக்குத் தேவையானதை அனுப்பிவிட்டு, மீதியை அங்கே வட்டி வரும் இடத்தில் வைப்பது புத்திசாலித்தனம். அவசரத்துக்கு உண்டியல் பக்கம் போகாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

மூன்றாவது ஆள் நாம். சென்னையிலோ கோவையிலோ வேலை, வாடகை ரூபாயில், கல்விக்கடன் ரூபாயில், அம்மா அப்பா மருத்துவச் செலவு ரூபாயில். நமக்கு வெறும் டாலர் நோட்டு வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. வெளிநாட்டு வளர்ச்சியில் பங்கு வேண்டுமென்றால் அங்கத்திய கம்பெனிப் பங்குகளில் முதலீடு செய்யும் முறையான ஃபண்ட் இருக்கிறது. அங்கே சம்பாதிப்பது கம்பெனி, கரன்சி மாற்றம் கூடவே வரும் உபரி. கரன்சி நோட்டு தனியாக எதையும் சம்பாதிக்காது, குட்டி போடாது. நம் வீட்டில் இருக்கும் தங்கத்தின் ரூபாய் விலையில்கூட டாலர் விலை ஏற்கனவே கலந்திருக்கிறது. ஆக நம் குடும்பங்கள் கொஞ்சம் டாலர் ரிஸ்க்கை ஏற்கனவே கழுத்தில் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

செய்து பார்க்க

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறங்க. உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு கரன்சி. ஏழு காலம் போடுங்க: 20 வருட முன் விலை, இன்றைய விலை, ஆண்டு விகிதம், அந்த நாட்டு வட்டி, அந்த நாட்டுப் பணவீக்கம், கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்கு, மிதக்கிறதா, கட்டியிருக்கிறதா, கட்டியிருந்தால் எதோடு. ரிசர்வ் வங்கி, அந்த நாட்டு மத்திய வங்கி, ஐ.எம்.எஃப். ஆகியவற்றின் இணையதளங்களில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும். எட்டாவதாக ஒரு காலம் சேருங்க: "எனக்கு இந்தக் கரன்சியில் என்ன செலவு இருக்கு?" அந்தக் கட்டம் காலியாக இருந்தால், மற்ற ஏழும் எவ்வளவு அழகாக இருந்தாலும் கொஞ்சம் யோசிங்க.

ஷீட் போட்டவர்கள் அனுப்புங்க. நல்லதாக வந்ததை அடுத்த இதழில் சேர்ந்து அலசலாம். இலங்கை ரூபாயை ஏற்கனவே நான் எடுத்தாச்சு, வேற நாடு பாருங்க.